புரதத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் கிடையாது

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரவு, செலவு, இருப்பு என்ற மூன்றும்தான் எனக்குத் தெரிந்த பாஷை. படித்துத் தெரிந்துகொண்டதை அந்தப் பாஷையில் சொல்கிறேன். மருந்து மாத்திரை விஷயத்துக்கு உங்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நம் குடியிருப்பில் இரண்டு விதமான வீடுகள் இருக்கின்றன. ஒரு வகை, ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் பக்கம் ஷிஃப்டுக்குப் போகும் இளைஞர்கள் வீடு. விடியற்காலையில் கம்பெனி பஸ், வேலை முடிந்தால் ஜிம், சமையலறை அலமாரியில் பெரிய புரதப் பவுடர் டப்பா. இன்னொரு வகை, பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் எங்களைப் போன்ற பெரியவர்கள். காலையில் காபி பிஸ்கட், மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி தயிர் சாதமும் ஊறுகாயும். "வயசாச்சு, இது போதும்" என்று முடித்துவிடுகிறோம். முதல் வீட்டில் புரதத்துக்காகப் பணம் கொட்டுகிறது. இரண்டாவது வீட்டில் புரதமே போதவில்லை. இரண்டு வீட்டாருக்கும் பதில் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: நாம் விழுங்கும் புரதம் உடம்புக்குள் போய் என்ன ஆகிறது?

புரதம் என்பது ஒரு நீளமான மாலை. அதில் கோத்திருக்கும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். மொத்தம் 20 வகை. பருப்பு, முட்டை, மீன், பால், நம் தசை, தலைமுடி எல்லாமே இதே 20 மணிகளை வெவ்வேறு வரிசையில் கோத்தவைதான். மாலையை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாது. உதிர்த்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த உதிர்க்கும் வேலைக்குப் பெயர்தான் செரிமானம்.

வாயில் ஊறும் எச்சில் மாவுச்சத்தை உடைக்கும், புரதத்தைத் தொடாது. ஆனாலும் நன்றாக மென்றால்தான் அடுத்த இடத்தில் வேலை சுலபமாகும். பல் போனவர்கள் கறி, கடலையை ஒதுக்குவதால் புரதமும் சேர்ந்து ஒதுங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அவற்றையே மசித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

வயிற்றில் இருக்கும் அமிலம், சுருண்டு கிடக்கும் புரத மாலையைப் பிரித்து நீட்டுகிறது. பெப்சின் என்ற என்சைம் அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. 1836-லேயே தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். பிறகு சிறுகுடல். கணையம் அங்கே டிரிப்சின் முதலான கத்திகளை அனுப்புகிறது. ஆனால் உறையில் போட்டுத்தான் அனுப்புகிறது. குடலின் உட்சுவரில் இருக்கும் இன்னொரு என்சைம் வந்து தொட்டால்தான் உறை கழலும்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்ட்ராங் ரூமை ஒரே சாவியில் திறக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு சாவியோடு வர வேண்டும். இங்கேயும் அதே ஏற்பாடுதான். இந்த ஏற்பாடு குலைந்து, கணையத்துக்குள்ளேயே கத்தி உறையை விட்டு வெளியே வந்துவிட்டால் கணையம் தன்னையே அரிக்க ஆரம்பித்துவிடும். கணைய அழற்சி என்கிறார்களே, அதில் நடப்பது இதுதான். மிதமிஞ்சிய குடி அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

கடைசியில் புரதம் ஒற்றை மணிகளாகவும், இரண்டு மூன்று மணி கொண்ட துணுக்குகளாகவும் உதிர்ந்து குடல் சுவருக்குள் போகிறது. அங்கிருந்து ரத்தம் வழியாக நேரே கல்லீரலுக்கு. ஆகவே "இந்தப் பவுடர் நேராகத் தோலுக்குப் போகும், அந்தப் பவுடர் நேராக மூட்டுக்குப் போகும்" என்று யாராவது விற்றால், குடலில் எல்லா மாலையும் முதலில் உதிர்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் சுமார் 50 சதவீதம்தான். பாதி முட்டை வீண். பருப்பு வகைகளிலும் டிரிப்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் அது பெருமளவு அழிந்துவிடும். நம் பாட்டிமார் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டது காரணத்தோடுதான்.

இனி கணக்குக்கு வருவோம். நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் புரதத்தை உடைத்து, மறுபடி புதிதாகக் கட்டுகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாகிறது. பழையதில் கழன்ற மணிகளையே பெரும்பாலும் மறுபடி கோத்துக்கொள்கிறது. கோக்கும்போது விட்டுப்போகிற குறையைத்தான் சாப்பாடு ஈடுகட்டுகிறது.

மீந்த மாவுச்சத்துக்குக் கல்லீரலிலும் தசையிலும் ஒரு சின்ன சேமிப்புக் கணக்கு உண்டு. கொழுப்புக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டே உண்டு. அது எங்கே இருக்கிறதென்று பேன்ட் போடும்போது தெரியும். புரதத்துக்கு டெபாசிட் கிடையாது, நடப்புக் கணக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கோழி சாப்பிட்டுவிட்டு வெள்ளிவரை ரசம் சாதத்தில் ஓட்ட முடியாது. வரவு நின்றால் உடம்பு தசையிலிருந்து எடுக்கும். அது சேமிப்பை எடுப்பது ஆகாது. வீட்டுத் தூணை வெட்டி அடுப்பெரிப்பது.

எங்கள் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏற தசை தானாகவே கரைகிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். எழ முடியாவிட்டால் தொடைத் தசை குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பாத்ரூமில் வழுக்கி விழுவதற்கும், விழுந்தபின் எழ முடியாமல் கிடப்பதற்கும் இந்தத் தசைக்குறைவு ஒரு பெரிய காரணம்.

சரி, மிஞ்சினால்? அமினோ அமிலத்தில் நைட்ரஜன் இருக்கிறது. கல்லீரல் அதைத் தனியாகக் கழற்றிவிட்டு, மீதிப் பகுதியைச் சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாற்றிக்கொள்கிறது. நம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரி வருமே, அவை ஒரு அமினோ அமிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நைட்ரஜனை மாற்றும் என்சைம்கள்தான். செல்லுக்குள் இருக்க வேண்டியவை ரத்தத்தில் அதிகமாகத் தெரிந்தால், செல்கள் சேதமாகிக் கசிகின்றன என்று அர்த்தம். அதனால்தான் டாக்டர் அதைப் பார்க்கிறார்.

கழன்ற நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. அது மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்தச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்ஸலைட்டும் 1932-ல் கண்டுபிடித்தார்கள். ரிப்போர்ட்டில் 'பிளட் யூரியா' என்று வருவது இதுதான். அடுத்த வரியில் வரும் கிரியாட்டினின், தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியாட்டினிலிருந்து கழியும் பொருள். அந்தப் பாஸ்போகிரியாட்டினை 1927-ல் அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து கண்டறிந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்து சிறுநீரகம் தளர்ந்தவர்கள் புரதத்தை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்காக, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களும் பயந்துகொண்டு பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சிகளில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சோறே பிரதானமான அன்றைய மதராஸ் உணவைத் தின்றவை இளைத்தன. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1918-ல் பிறந்து, 2019-ல் நூறு வயது கடந்து மறைந்தார். தக்காணத்தில் சோளம் சாப்பிடும் ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற தோல் நோய் வந்தது. நயாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வரும் நோய் அது. ஆனால் சோளத்தில் நயாசின் அப்படியொன்றும் குறைவில்லை. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் 60 மில்லிகிராம் இருந்தால் உடம்பு அதிலிருந்து 1 மில்லிகிராம் நயாசின் செய்துகொள்ளும். சோளத்தில் லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மிக அதிகம். அது இந்த வேலையைக் கெடுக்கிறது என்றார்கள். பின்னால் இதில் விவாதமும் நடந்தது. ஆனாலும் அமினோ அமிலங்களில் அளவு மட்டுமல்ல, ஒன்றுக்கொன்று விகிதமும் முக்கியம் என்ற பாடம் நிலைத்தது. ஏதோ ஒரு அமினோ அமிலத்தை மட்டும் டப்பாவில் வாங்கி அள்ளிக் கொட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கோபாலன் சொன்ன இன்னொன்று ஷிஃப்ட் தம்பிகளுக்கு. அறுபதுகளில் உலகமே "ஏழைக் குழந்தைகளுக்குப் புரதம் இல்லை, பவுடர் கொடு" என்றபோது, "முதல் குறை புரதம் அல்ல, வயிறு நிறையச் சோறு இல்லாததுதான்" என்று இவர் வாதாடினார். எரிக்க எரிபொருள் போதாவிட்டால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து, கேன்டீனில் டீயும் வடையும் மட்டும் சாப்பிட்டு, சாயங்காலம் ஒரு ஸ்கூப் பவுடர் குடித்தால், அதில் ஒரு பகுதி விலை உயர்ந்த விறகாகத்தான் போகும்.

இருபதில் ஒன்பது அமினோ அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடுசெய்யும். இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்தது அதனால் வெகு பொருத்தம். தானியம் மூன்று பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் வீட்டுச் சாம்பாரில் அந்த ஒரு பங்கு இருக்கிறதா என்று கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? அந்த நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 50 கிராம். ஒரு நாள் பேரேட்டைப் பார்ப்போம். எல்லாம் உத்தேச அளவு. நான்கு இட்லி 7 கிராம். ஒரு ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவாக, 100 கிராம் அரிசிச் சோறு 8. சாம்பாரில் 20 கிராம் பருப்பு 4. தயிர் 3. காய்கறி 2. ராத்திரி தோசை 7. காபியில் போகும் பால் 6. மொத்தம் 37. பற்றாக்குறை 13.

ஒரு முட்டை 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், 7. கணக்கு நேராகிவிட்டது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு, 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் செய்த சுண்டல் 10, கூட அரை டம்ளர் பால் 3. நேர். மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்கு 100 கிராமில் ஏறக்குறைய 20 கிடைக்கும். இதற்கு டப்பா தேவையே இல்லை. 2024 மே மாதம் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியும், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். கூடவே நடை, மாடிப்படி, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் தசை தங்காது.

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். "போதும்" என்பார்கள், நம்பாதீர்கள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

சங்க நிர்வாகிகளுக்கு: நம் கூட்டங்களில் டீயோடு கிரீம் பிஸ்கட் தருவதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை முதல் சுண்டல் போடலாம் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது கை தூக்கினால், தீர்மானப் புத்தகத்தில் இன்றே எழுதிவிடலாம்.