மூன்று காப்ஸ்யூலில் ஆறாது
(சிவகாசி வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சீமைக்கருவேல முள் காலில் ஏறுகிறது. இரண்டாம் நாள் கால் சிவந்து வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. உடனே கடைக்குப் போய், "அண்ணே, புண் ஆற மூணு காப்ஸ்யூல் குடுங்க" என்கிறோம். நூல் மில்லில் கை கிழிந்தாலும் இதே கதைதான். அப்படிக் கிடைக்கும் மருந்துகளில் ஒன்று செபலெக்சின்.

அது மோசமான மருந்தல்ல. தோலிலும் சதையிலும் சீழ் பிடிக்கவைக்கும் கிருமிகளை நன்றாகவே கொல்லும். 1945-ல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், காலியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்குமிடத்தில் புரோட்சு என்ற பேராசிரியர் கண்டெடுத்த பூஞ்சணத்திலிருந்து தொடங்கியது அதன் வம்சம். சாக்கடை என்று முகம் சுளிக்க வேண்டாம்!

விழுங்கிய செபலெக்சினில் பெரும்பகுதி 8 மணி நேரத்துக்குள் சிறுநீரோடு போய்விடும். இன்று காலை ஒன்று, நாளைக் காலை ஒன்று என்று போட்டால், நடுவில் காவலில்லாத வயல்தான், கிருமி மேயும். அதனால்தான் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் வீதம் 6 மணி நேரத்துக்கு ஒரு தரம், சில புண்ணுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று டாக்டர் எழுதுகிறார். சாதாரணமாக 5 முதல் 7 நாள். 6 மணி நேரக் கணக்கில் மூன்று காப்ஸ்யூல் ஒரு நாளைக்கே காணாது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு: 20 கிலோ இருந்தால் நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், அதையும் பங்கிட்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவைக் குறைப்பார்கள். பெனிசிலின் ஊசியில் உடம்பு தடித்தவர், மூச்சுத் திணறியவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சீழ் கோத்துவிட்டால் கீறித்தான் எடுக்க வேண்டும். ஜலதோஷத்துக்கு இது உதவாது. நம்மூரில் மருந்து என்றாலே வெடிமருந்துதான் ஞாபகம் வருகிறது. அந்த மருந்து பற்றி உடம்பு வெந்தவருக்குக் காப்ஸ்யூல் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது பெரும் அநியாயம். வெந்த இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"கூலி போகுமே" என்கிறீர்கள். நியாயம்தான். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வைத்தியமும் மருந்தும் இலவசம். வேலையில் பட்ட காயத்தால் குறைந்தது 3 நாள் முடங்கினால், டாக்டர் சான்றின் பேரில் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. அட்டையில்லாத விவசாயத் தொழிலாளிக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. கான்டிராக்டர் கையில் இரண்டு காப்ஸ்யூலைத் திணித்து, "சரியாப் போகும், போ" என்றால், காயத்தை முதலில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள்.