சொந்த வீடும் மோட்டார் சைக்கிள் காப்புறுதியும்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



லாபு பக்கத்துப் பால்வெட்டுத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, நான் இருப்பது தோட்டத்து லயத்தில். சொந்த வீடு இல்லாதவனுக்கு மோட்டார் சைக்கிள் காப்புறுதி கூடுதலாமே, மெய்தானா?” பக்கத்தில் நின்ற கிராணியாருக்கும் அதே ஐயம். இருவருக்கும் சேர்த்தே விடை கூறுகிறேன்.

அமெரிக்காவில் அப்படியொரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டுக்காரருக்குச் சில கம்பெனிகள் வாகனக் காப்புறுதியில் கழிவு தருகின்றன. வீடுள்ளவர் நஷ்டஈடு கேட்டு வருவது குறைவு என்பது அவர்கள் கணக்கு. வாடகை வீட்டுக்காரர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் அந்தக் கழிவு அவருக்கில்லை. ஏழ்மைக்கு விதித்த தண்டம் அல்லவா இது!

நம் நாட்டில் நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. அதன் கட்டண அட்டவணை வண்டியின் சி.சி. அளவைப் பார்க்கிறது, வீட்டுக் கிராண்டைப் பார்ப்பதில்லை.

களவு, தீ, சொந்த வண்டிச் சேதம் ஆகியவற்றையும் சேர்த்து எடுக்கும் காப்புறுதிக்கோ, 2017 ஜூலை முதல் கம்பெனிகளே விலை வைக்கலாம். வண்டி நிற்கும் இடம், ஓட்டுபவர் வயது, முந்தைய விபத்துகள் முதலியவற்றை அவர்கள் பார்க்கக்கூடும். ஆகவே ஒரே இடத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டாதீர்கள். மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

இன்னும் இரண்டு காரியங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: வண்டியும் காப்புறுதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நஷ்டஈடு கோராத ஆண்டுகளுக்கு 15, 20, 25 விழுக்காடு என்று கழிவு ஏறும். மைத்துனர் பெயரில் காப்புறுதி இருந்தால், நீங்கள் நிதானமாக ஓட்டிச் சேர்த்த கழிவு அவருக்கே போகும்.

இரண்டு: உண்மையான முகவரியைக் கொடுங்கள். லயத்தில் இருந்துகொண்டு சிரம்பானிலுள்ள மாமன் வீட்டை எழுதினால், நஷ்டஈடு கேட்கும் நாளில் அந்தப் பொய்யே எதிரே வந்து நிற்கும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் தவறான தகவலைச் சாதாரணமாக விடுவதில்லை.

தோழர்களே! வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற வேதனையை அறியாதவர் இங்கே யார்? சொந்த வீடு நமக்கு வேண்டும். அது நம் பிள்ளைகள் தலைசாய்க்க. காப்புறுதிக் கழிவுக்காக அன்று. வீடில்லை என்ற காரணத்துக்காக எவரேனும் ஒரு வெள்ளி அதிகம் கேட்டால், தலைகுனிந்து கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தைக் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்தே செய்வோம்.