மடக்குக்கத்தி வாங்கும்போது சரிவைப் பாருங்கள்

(கோணேசர் கோயில் தரிசனத்துக்கு வந்த தோட்டக் குடும்பங்களின் மத்தியில், திருகோணமலையில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் கோணேசரைக் கும்பிட்டோம். பகல் கடைத்தெருவுக்கும் போய் வந்துவிட்டோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து குடியேறிய நம்முடைய சொந்தக்காரர்கள் சிலரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம். கடைத்தெருவில் நம்ம பிள்ளைகள் நாலைந்து பேர் பளபளவென்று மடக்குக்கத்தி வாங்கிச் சட்டைப்பையில் போட்டதைப் பார்த்தேன். அதனால் சேமிப்பைப் பற்றிப் பேச வந்த நான் கத்தியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

மலையில் மடக்குக்கத்திக்கு வேலை இருக்கிறது. உரமூட்டையின் தையலை அறுக்க வேண்டும், நைலோன் கயிறு வெட்ட வேண்டும், நாற்றுமேடையில் பொலித்தீன் கிழிக்க வேண்டும். ஆனால் எல்லா மடக்குக்கத்தியும் மலை வேலைக்கு ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு கத்தி வாங்கினேன். அதனால் ஒரு கொய்யாக் கம்பை வெட்டினேன். பாதியில் அலகு மாட்டிக்கொண்டது. மேலும் கீழும் ஆட்டி இழுத்தேன். கத்தி படக்கென்று மடிந்து, பிடித்திருந்த விரலிலேயே இறங்கியது. ஐந்து தையல். இரண்டு கிழமை பேனா பிடிக்க முடியவில்லை. கூர் போதாது என்றுதான் நினைத்தேன். கூர் நல்ல கூர்தான். குற்றம் அலகின் சரிவில் இருந்தது.

சரிவு என்றால் என்ன? கத்தியின் முதுகு தடிப்பு, கூர் மெல்லிசு. இரண்டுக்கும் இடையில் இரும்பை எப்படிச் சாணை பிடித்து இறக்கியிருக்கிறார்கள் என்பதுதான் சரிவு. முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது, உட்குழிவு. சவரக்கத்தியை எடுத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். கூருக்குப் பக்கத்தில் இரும்பு மிக மெல்லிசு. மயிரை வழிக்கும், கயிற்றைச் சுலபமாக அறுக்கும். ஆனால் கட்டையில் இறக்கினால், குழிவு முடிந்து தடிப்பு தொடங்கும் இடத்தில் இறுகிப் போகும். திருகினால் கூர் பல் விழும். என்னுடைய கத்தி இந்த ரகம்தான்.

இரண்டாவது, நேர்ச்சரிவு. முதுகிலிருந்து கூர் வரைக்கும் ஆப்பு மாதிரி ஒரே சீராக இறங்கும். சமையற்கட்டுக் கத்தி பெரும்பாலும் இப்படித்தான். கயிறும் அறுக்கும், சின்னக் குச்சியும் சீவும், தீட்டுவதும் லேசு.

மூன்றாவது, புறவளைவு. கோடாரியைப் போலக் கூருக்குப் பின்னால் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டையை விலக்கிக்கொண்டு போகும், லேசில் மாட்டாது, கூர் உடையாது. ஆனால் வீட்டில் தீட்டக் கைப்பழக்கம் வேண்டும்.

ஆகவே மலை வேலைக்கு நேர்ச்சரிவோ, லேசான புறவளைவோதான் நல்லது. கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு அடிமட்டத்தின் விளிம்பை அலகின் பக்கத்தில், முதுகிலிருந்து கூருக்குக் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் உட்குழிவு. ஒட்டி நின்றால் நேர்ச்சரிவு. நடுவில் முட்டி அங்குமிங்கும் ஆடினால் புறவளைவு.

அடுத்தது பூட்டு. பூட்டில்லாத கத்தியின் முதுகில் பாரம் விழுந்தால் அது மடியத்தான் செய்யும். பிரான்சில் 1890இல் ஜோசப் ஒப்பினல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி கிராமத்துச் சனங்களின் கத்தி. அதற்கும்கூட 1955இல்தான் திருகிப் பூட்டும் வளையம் வைத்தார்கள். பூட்டு இருந்தாலும் அதை நம்பிக் கட்டை பிளக்கக் கூடாது.

இந்தத் துறைமுகத்தில் 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை இருந்தது. அந்தக் கடற்படைக்காரரின் மடக்குக்கத்திக்கு நுனி மொட்டையாக இருக்கும், கூர் நேர்க்கோடாக இருக்கும். ஆடுகிற கப்பலில் கயிறு அறுக்கும்போது நுனி ஆளைக் குத்தக்கூடாது அல்லவா? வேலையைப் பார்த்துத்தான் கத்தியைச் செய்தார்கள். நாமும் வேலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கவ்வாத்துக்கு மடக்குக்கத்தி வேண்டவே வேண்டாம். அதற்குக் கவ்வாத்துக் கத்தி இருக்கிறது. பட்டை கிழியாமல் சாய்வாக, ஒரே வெட்டாக விழ வேண்டும். பட்டை கிழிந்தால் செடிக்குள் அழுகல் நுழையும்.

தீட்டும்போது பக்கத்துக்கு ஏறக்குறைய 20 பாகை சாய்வு போதும். நேராக நிறுத்திய கத்தியைப் பாதி சாய்த்து, திரும்பவும் அதில் பாதி சாய்த்தால் கணக்குச் சரி. ஓடுகிற சாணையில் கொடுத்தால் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கூர் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் பார்த்தும் கை வெட்டுப்பட்டால், காப்பித்தூளை அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். சின்னக் காயமானால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆழமாக இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள்.

கொழுந்து பறிக்கிற கைக்கு ஒரு விரல் போனால், அந்த வீட்டு உலைக்கும் அது தெரியும். கத்தி வாங்கிய தம்பிகள் அதைக் கொண்டுவந்து காட்டுங்கள். என் பையில் அடிமட்டம் இருக்கிறது, சேர்ந்தே பார்ப்போம்.