மக்கும் உறையும் களிமண்ணும்

ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும் நாம் முதலில் பார்ப்பது, அது நமுத்துவிட்டதா என்பதைத்தான். ஈரத்தைத் தடுப்பதே உறையின் கடமை. பாலிதீன் அதை நன்கு செய்கிறது, ஆயினும் மக்குவதில்லை. மரவள்ளி மாவினால் செய்த உறை மக்கும். ஆனால் ஈரத்தை உள்ளே விட்டுவிடும்.

இக்குறையைக் குறைக்கக் களிமண் துணைக்கு வருகிறது. கட்ச், பார்மேர் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் பெண்டோனைட் களிமண், ஏடு ஏடாகப் பிரியும் தாதுவைக் கொண்டது. ஓர் ஏட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கே. உறைக்குள் இவ்வேடுகள் படுக்கையாகப் பரவியிருந்தால், நீராவி நேரே புக இயலாது. ஏட்டுக்கு ஏடு சுற்றிச் சுற்றியே வரவேண்டும். நூற்றுக்கு 5 பங்கு சேர்த்தாலே பயன் தெரியும். அளவு மிஞ்சினாலோ ஏடுகள் கட்டியாகத் திரண்டு, உறை எளிதில் விரிசல் காணும்.

ஒன்றை மறவாதிருப்போம். களிமண் கலந்ததனால் மட்டும் எந்த உறையும் மக்கிவிடாது. மக்காச்சோளத்திலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமில உறை விரைவில் மக்க, உர ஆலையில் சுமார் 60 பாகை வெப்பம் வேண்டும்; தெருவோரம் எறிந்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும். ஆகவே "மக்கும்" என்ற முத்திரையைக் கண்டவுடன் வீசிவிடாமல், அதை எங்கே சேர்ப்பது எனக் கேட்டறிந்து அங்கே சேர்ப்போமாக.