மம்பட்டி யார் கையில்?

(திருவேங்கடத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எதப் பத்திப் பேசப் போறீங்கன்னு போன்ல ஒரு தம்பி கேட்டார். "மம்பட்டி"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணே, பண்பாட்டு அரசியல் பத்திப் பேசுவீங்கன்னு நினைச்சோம்" என்றார். அதைத்தான் பேசப் போறேன் தம்பி. நம்ம பண்பாடு கோயில் சுவரில் எழுதி வைக்கப்படவில்லை. அது நம்ம ஐயாமாருடைய உள்ளங்கைக் காய்ப்பில் இருக்கிறது.

எங்கய்யா எலி வெட்டப் போவார். வேட்டை என்றால் உங்களுக்குத் துப்பாக்கியும் குதிரையும் ஞாபகம் வரும். எங்க வேட்டைக்குச் சாமான் மூணே மூணு: ஒரு மம்பட்டி, ஒரு முழ நீளத்தில் சின்னக் கடப்பாரை, புகை போட ஒரு ஓட்டைப் பானை. அறுவடை முடிஞ்ச குளத்து வயல் வரப்பில் வளை பார்ப்போம். அய்யா குனிஞ்சு, வளை வாயில் கிடக்கிற மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாகப் புதுசாக இருந்தால் எலி உள்ளே இருக்கு. காய்ஞ்சு ஒட்டடை பிடிச்சிருந்தால் நடையைக் கட்டு. வெள்ளெலி கெட்டிக்காரன். தப்பிக்கிற வழியை மேலே மெல்லிசா மண் மூடி ஒளிச்சு வச்சிருப்பான். அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு என்னைக் காலை வைத்து மிதிச்சுக்கிட்டு நிக்கச் சொல்வார். அப்புறம்தான் மம்பட்டியைத் தொடுவார்.

அந்த மம்பட்டி எங்களுடையது இல்லை. அய்யா வேலை பார்த்த சம்சாரி வீட்டுது. ஒரு நாள் வரப்பு வெட்டும்போது வேரில் மாட்டி, காதோடு பிளந்து போச்சு. அதற்கு ஈடாக மூணு நாள் கூலி இல்லாமல் வேலை. வளைக்குள் இருந்து அள்ளின ரெண்டு படி நெல்லையும், "என் வரப்பு, என் நெல்லு" என்று வாங்கிக்கொண்டார்கள். எலி எங்களுக்கு, நெல் அவர்களுக்கு. அன்னைக்கு ராத்திரி எங்கம்மா சொன்னது: "அடுத்தவன் மம்பட்டியில வெட்டுனா, நம்ம குழியும் அவனுக்குத்தான் சொந்தம்."

அடுத்த வருசம் எங்கம்மா தீப்பெட்டி ஒட்டின காசில் சொந்தமாக ஒரு மம்பட்டி வாங்கினோம். வாங்குவதற்கு முன் அய்யா கொல்லுப் பட்டறையில் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அவர் பார்த்ததை உங்களுக்குச் சொல்கிறேன். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

முதலில் மண்ணைப் பார்க்கணும். இது கரிசல் பூமி. மழை பேஞ்சால் களி, இலையில் அப்பிக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் அரைக்கிலோ மண்ணைச் சும்மா தூக்குவீங்க. கோடையில் வெடிச்சுப் பாறையாக் கிடக்கும், மம்பட்டி இறங்காது. ஆகவே கரிசலுக்கு அகல இலை ஆகாது. ஒடுக்கமான, கொஞ்சம் கனமான இலை வேணும். கோடையில் முதல் வேலை கடப்பாரைக்கு, மண்ணை அள்ளுவது மட்டும்தான் மம்பட்டிக்கு. மேற்கே சங்கரன்கோவில் பக்கத்துச் செவலுக்கு அகல இலை வசதி.

ரெண்டாவது, காது. கணை நுழைகிற அந்த ஓட்டையைத்தான் சொல்றேன். தகட்டை வெட்டி, காதைத் தனியாக வெல்டிங் வைத்து ஒட்டியது விலை குறைவு. இறுகின மண்ணில் நெம்பினால் ஒட்டு வைத்த இடத்தில்தான் முதலில் விடும். காய்ச்சி அடித்து ஒரே இரும்பில் காது எடுத்தது நின்னு உழைக்கும். டாட்டா அக்ரிகோ மாதிரிக் கம்பெனிச் சரக்கோ உள்ளூர்ப் பட்டறைச் சரக்கோ, ரெண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. முத்திரையைப் பார்க்காதே, காதைப் பார்.

மூணாவது, இரும்பு. பட்டறைக்காரர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்தால் நல்லது. அது வளைஞ்சு நிமிரப் பழகின இரும்பு. ஆனால் பதம் சரியாக வைக்கணும். இலையைத் தொங்கவிட்டு ஒரு கல்லால் தட்டிப் பாருங்க. மணி மாதிரி நீளமாகக் கேட்டால் சரி. சில்லுன்னு உடைஞ்ச சத்தம் வந்தால் உள்ளே கீறல் இருக்கு. விளிம்பில் அரத்தை வைத்து இழுங்க. வழுக்கிக்கொண்டு போனால் பதம் கூடிப்போச்சு, கல்லில் பட்டால் பல்லுப் பல்லாத் தெறிக்கும். வெண்ணெயாகக் கடித்தால் பதம் பத்தாது, ரெண்டு நாளில் மழுங்கும். லேசாகக் கடிக்கணும்.

நாலாவது, கணை. கருவேலம், உசிலை நல்லது. நிழலில் காய்ஞ்சதாக இருக்கணும். மர ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓடணும், குறுக்கே ஓடினால் ஒரு நாள் உங்க நெஞ்சில்தான் வந்து குத்தும். ஆட்டம் கண்டால் தண்ணியில் ஊறப்போடுவாங்க. அது ஒரு நாள் ஏமாத்து. காய்ஞ்சதும் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பு வைத்து இறுக்குவதுதான் முறை. வளை வெட்ட குட்டைக் கணை, நாள் முழுக்க வாய்க்கால் வெட்ட நெட்டைக் கணை. இடுப்பு உங்களுடையது.

கடைசியாக ஒன்று. வளைக்குள் கையை விடாதீங்க. எலி வளையில் எலி மட்டும் இருக்காது, பாம்பும் இருக்கும். கையில் புண்ணோடு ஈர மண்ணை அளையாதீங்க, எலிக்காய்ச்சல் வரும். மருந்து வச்ச வயலில் பிடிச்ச எலி எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேணாம். வெட்டின வரப்பைத் திரும்ப மூடி மிதிச்சுட்டு வாங்க.

"முயலுக்கும் இதே மம்பட்டிதானா?" என்று ஒருத்தர் கேட்டார். இல்ல. சீமை முயல்தான் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். அங்கே முயல் வேட்டைக்கென்றே தனி மண்வெட்டி உண்டு. நம்ம கரிசல் காட்டு முயல் வளை தோண்டாது. புதர் அடியில் புல்லை அமுக்கி அதில் படுத்துக்கிடக்கும். அதைத் தோண்ட முடியாது, விரட்டத்தான் முடியும். அதற்குத்தான் நாய். பக்கத்தில் இருக்கிற சிப்பிப்பாறை பேரில் இருக்கிற நாயே முயல் விரட்டப் பழக்கின நாய்தான். வசதி படைச்சவங்க வளர்த்தாங்க, நம்ம ஆளுங்க புதர் தட்டினாங்க. இப்போது அந்தப் பேச்சே வேணாம். 1972-ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் உடும்பும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கு. பிடிச்சால் வழக்கு. வழக்கு வந்தால் நாய் வளர்த்தவன் தப்பிச்சுக்குவான், புதர் தட்டினவன் உள்ளே போவான். எலி கதை வேறு. அந்தச் சட்டம் வந்தபோதே எலியைத் தீங்கு செய்கிற உயிர்கள் பட்டியலில்தான் போட்டார்கள்.

இந்தியத் தபால் துறை 2005-இல் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம்ம ராஜபாளையம் நாயும் உண்டு. நாய்க்கு மரியாதை கிடைச்சதில் எனக்கு வருத்தமில்லை. நாய் வளர்க்கிறவன் கையில் இருப்பது 'பாரம்பரியம்', மம்பட்டி பிடிக்கிறவன் கையில் இருப்பது 'இழிதொழில்'. இந்தப் பிரிவினையை உண்டாக்கியது யார்? நாயும் செய்யவில்லை, மம்பட்டியும் செய்யவில்லை.

வடக்கே செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் கதையைக் கேளுங்க. பாம்புத் தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போச்சு. 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வைத்து, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் அமெரிக்காவில் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின வருசம் அங்கே போட்டி வைத்து ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாசம் தேடி 106 பாம்பு பிடிச்சிருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும் கையில் ஒரு இரும்புக் கம்பியோடு போய், ரெண்டு வாரத்துக்குள் பத்துக்கு மேல் பிடிச்சாங்க. 2023-இல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. கம்பி அதே கம்பிதான். அங்கே கொண்டுபோனபோது அதற்குப் பேர் 'நிபுணத்துவம்'. இங்கே இருந்தவரைக்கும் அது 'காட்டான் வேலை'.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரணும், வரும். "அப்போ எலி வெட்டுறதப் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா? அம்பேத்கர் 1927 மகாத் மாநாட்டில் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னாரே?" நியாயமான கேள்வி. அவர் விடச் சொன்னது ருசியை இல்லை. அடுத்தவன் தூக்கிப்போட்டதை வாங்கித் தின்கிற நிலையைத்தான் விடச் சொன்னார். பிஹாரில் ஒரு சமூகத்துக்கே முசாஹர், எலி பிடிப்பவர் என்று பேர். 2008-இல் அந்த மாநில அரசு அதிகாரி ஒருவர் உணவுப் பஞ்சத்துக்கு எலிக்கறி தின்னலாம் என்று யோசனை சொன்னார். அதையும் நான் ஏற்கவில்லை. நிலம் கேட்டவனுக்கு எலியைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? எலி தின்றது எங்களுக்குப் பெருமையும் இல்லை, கேவலமும் இல்லை. அது பசி. அந்தப் பசிக்குள்ளும் எங்கய்யா மண்ணைப் படிச்சார், இரும்பைப் படிச்சார், மரத்தைப் படிச்சார். தொழிலைத் திணித்தது சாதி. அறிவைச் சேர்த்தது அவர். முதலாவதைத் தூக்கி எறிவோம். ரெண்டாவதை எதுக்கு எறியணும்?

இன்னொண்ணையும் சொல்லி முடிக்கிறேன். அதே மம்பட்டியைத் தோளில் போட்டுக்கிட்டு ஊருக்குள் துட்டிக்குக் குழி வெட்ட வரச் சொல்லி ஆள் அனுப்புவாங்க. "வழக்கம்" என்பாங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிணம் சுமக்க வைப்பதும், செத்த மாட்டைத் தூக்க வைப்பதும், புதைகுழி வெட்ட வைப்பதும் குற்றம். இந்த வரி நம்ம தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? படிச்ச நீங்கதான் கொண்டுபோய்ச் சொல்லணும்.

ரெண்டு வேலை தருகிறேன். ஒண்ணு, வீட்டுக்குப் போய் உங்க தாத்தா, அப்பத்தாகிட்ட உட்காருங்க. மம்பட்டியில் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பேரு, எந்த மண்ணுக்கு எந்த இலை, எந்த வளையில் என்ன கிடக்கும் என்று கேட்டு எழுதுங்க. அவங்க போயிட்டா அந்தப் படிப்பும் போயிரும். ரெண்டு, அந்தத் திருத்தத்தை ஒரு தாளில் எழுதித் தெருமுனையில் ஒட்டுங்க.

எங்கம்மா காசில் வாங்கின மம்பட்டி இன்னும் வீட்டில் இருக்கு. கணை மூணு தடவை மாத்தியாச்சு. இலை தேய்ஞ்சு பாதியாயிருச்சு, காது அப்படியே இருக்கு. அய்யா கடைசிவரைக்கும் அந்த மம்பட்டியைத் துட்டிக்குழி வெட்ட எடுத்துப் போகவே இல்லை. கூப்பிட வந்தவங்ககிட்ட ஒரே வார்த்தைதான்: "இது என் மம்பட்டி."

ஜெய்பீம்.