இரு விசுவும் யோக நெறியும்

(தென்காசித் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாச் சொற்பொழிவின் எழுத்துருவம்)

திருச்சிற்றம்பலம்



உலகம்மையுடன் காசிவிசுவநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் தென்காசிப் பதியில் குடமுழுக்கு விழா நிகழும் இவ்வேளையில், காலத்தைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் ஒருங்கே சிந்தித்தல் மிகப் பொருத்தமுடையதாகும். குடமுழுக்கு நாளும் கோளும் ஆராய்ந்து செய்யப்பெறுவது. யாகசாலையில் வைக்கப்பெறும் கும்பமோ வெறுங்குடம் அன்று. அஃது இறைவன் திருமேனியாகவே கொள்ளப்படுவது. அதன்மேற் சுற்றிய நூல் நாடிகளைக் குறிக்கும். யோகியர் மூச்சை உள்ளே நிறுத்துதலுக்கு இட்ட பெயரும் கும்பத்தினின்று பிறந்ததே. குடத்தில் நீர் நிற்பதுபோல உடலில் உயிர்க்காற்று நிற்றலின் அது கும்பகம் எனப்பட்டது. கிரியையும் யோகமும் அடுத்தடுத்த இரு படிகள் என்னும் சைவ நூற்றுணிபு இங்குக் கண்கூடாகின்றது.

யோகப் பயிற்சிக்கும் இராசி, அயனம், பருவம் ஆகியன பார்க்கவேண்டுமா என்னும் வினா இந்நாளில் பலரிடத்தும் எழுகின்றது. ஒரு சாரார் நல்ல நாள் வரட்டும், நல்ல ஓரை வரட்டும் என்று காத்திருந்து ஆண்டுகளைக் கழிக்கின்றனர். மற்றொரு சாரார் காலம் ஒரு பொருட்டன்று எனக் கருதிக் கண்டபோதெல்லாம் மூச்சை அடக்கி உடலைக் கெடுத்துக் கொள்கின்றனர். முன்னவர்க்குப் பிறவிப் பயன் கைநழுவுகின்றது. பின்னவர்க்கு அப்பயனை அடைதற்குக் கருவியாகிய உடலே பழுதுறுகின்றது. ஆதலின் இவ்வினாவுக்கு விடை காண்டல் இன்றியமையாதது. அவ்விடையைத் தேடிச் சேணெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள திருக்குற்றாலத்தின் திருவிழாக்களே அதனைப் புலப்படுத்தும்.

விசு என்னும் சொல்

குற்றாலநாதர் திருக்கோயிலில் சித்திரை விசு, ஐப்பசி விசு என இரு விழாக்கள் நடைபெறுகின்றன. விசு என்பது விஷுவம் என்னும் வடசொல்லின் திரிபு. இரு பக்கமும் சமமாதல் என்பது அதன் கருத்து. பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள் என்பதே அதன் முதற்பொருள். ஞாயிறு மேட இராசியிற் புகுவது சித்திரை விசு. துலா இராசியிற் புகுவது ஐப்பசி விசு. துலாம் என்பது தராசு. சமன் என்னும் கருத்தைத் தாங்கி நிற்கும் பெயர் அது.

இச்சொல்லை யோக நூல்கள் அப்படியே உடலுக்குள் எடுத்துச் சென்றன. ஜாபால தரிசன உபநிடதம், இடகலைக்கும் பிங்கலைக்கும் இடையே உயிர்க்காற்று மாறிச் செல்லுதலையே உத்தராயணம் என்றும் தட்சிணாயனம் என்றும் கூறுகின்றது. மூலாதாரத்தில் அது புகுதல் ஒரு விசு; தலையிற் புகுதல் மற்றொரு விசு. இவ்வாறு நோக்கின், ஓராண்டில் வானத்தில் நிகழ்வது ஒவ்வொரு நாளும் உடலில் நிகழ்கின்றது. ஞாயிற்றின் பெயர் வலமூச்சுக்கும் திங்களின் பெயர் இடமூச்சுக்கும் அமைந்தது இக்கருத்துப் பற்றியே.

எண்ணும் இதற்கு இயைந்து நிற்கின்றது. ஒரு நாளைக்கு மூச்சு 21,600 என்பது நூல்வழக்கு. ஒரு நாள் 60 நாழிகையாதலின் நாழிகைக்கு 360 மூச்சாகும். நிமிஷத்துக்கு 15 ஆகும். இராசிச் சக்கரத்தின் 360 பாகைகளை, பாகைக்கு 60 கலையாகப் பகுப்பினும் அதே 21,600 வருகின்றது. இராசி ஒன்றுக்கு 1,800 கலை. இராசி ஒன்று உதயமாகும் சராசரிக் காலமாகிய இரண்டு மணிக்கு மூச்சும் 1,800. அமைதியாய் இருக்கும் மனிதர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகின்றனர் என்று இக்கால மருத்துவம் கூறும். நூலோர் கொண்ட 15 அதற்குள் அடங்குவதே.

வான்கணக்கும் ஏட்டுக்கணக்கும்

இங்கு ஒரு தடை எழும். சித்திரை முதல் நாளில் பகலும் இரவும் உண்மையில் ஒத்து நிற்கின்றனவா? இல்லை. ஞாயிறு நடுக்கோட்டைக் கடப்பது மார்ச்சு 20 அல்லது 21ஆம் நாளிலும், செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாளிலுமே. விழா நடைபெறுவதோ ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலும். பூமியின் அச்சு மெல்லத் திரும்புதலால் விசுவத்தானம் விண்மீன்களிடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குகின்றது. இவ்வேறுபாடே அயனாம்சம். அரசினர் பஞ்சாங்கக் கணக்குப்படி கி.பி. 285ஐ ஒட்டி இரு கணக்கும் ஒன்றாயிருந்தன. இப்பொழுது 24 பாகை விலகியுள்ளன. 1952இல் அறிவியலறிஞர் மேக்நாத் சாகாவின் தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதனை ஆராய்ந்தது. அதன் பயனாக வந்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்தது. திருக்கோயில் விழாக்களோ தொன்றுதொட்ட விண்மீன் கணக்கையே பின்பற்றி வருகின்றன.

அங்ஙனமாயின் சித்திரை விசு பொருளற்றதோ எனின், அற்றன்று. தென்காசியும் குற்றாலமும் வட அட்சம் ஏறத்தாழ 9 பாகையில் உள்ளன. ஞாயிறு வடக்கு நோக்கிச் செல்லுங்கால் அந்த 9 பாகையை அடைவது ஏப்ரல் 13ஐ ஒட்டியே. எனவே சித்திரைப் பிறப்பை ஒட்டிய நண்பகலில் ஞாயிறு இவ்வூர்களின் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். பகலிரவுச் சமன் கடந்துவிட்ட போதிலும், இவ்விடத்துக்குரிய வேறொரு நடுநிலை அந்நாளை ஒட்டி வாய்த்திருக்கின்றது. ஏட்டுக் கணக்கை இகழ்தலும் வேண்டா. வானத்தைப் பாராதிருத்தலும் வேண்டா என்பதற்கு இதுவே சான்று.

நூல் கூறும் பருவமும் குற்றாலத்துப் பருவமும்

கேரண்ட சங்கிதை என்னும் யோக நூல், பயிற்சியை வசந்த காலத்திலும் சரத் காலத்திலும் தொடங்குக என்றும், ஏனைப் பருவங்களில் தொடங்கின் நோய் விளையும் என்றும் விதிக்கின்றது. நம் நாட்டுச் சங்கற்ப வழக்கில் சித்திரையும் வைகாசியும் வசந்தம். ஐப்பசியும் கார்த்திகையும் சரத். ஆகவே குற்றாலத்தின் இரு விசு விழாக்களும் அந்நூல் குறித்த இரு பருவங்களின் வாயிலில் அமைந்துள்ளன. கடுவெயிலும் கடுங்குளிரும் அற்ற இடைநிலைப் பருவம் தொடக்கத்துக்கு ஏற்றது என்பதே அவ்விதியின் உட்கிடை.

ஆயினும் விதியைச் சொல்லளவிற் பற்றுதல் தகாது. கேரண்ட சங்கிதை வடபுலத்துப் பருவங்களைக் கருத்திற் கொண்டது. வடக்கே சரத் காலம் மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம். தென்பாண்டி நாட்டிலோ ஐப்பசியும் கார்த்திகையும் வடகீழ்ப் பருவமழைக் காலம். தமிழிலக்கணம் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று வகுத்தது. குற்றாலத்திலோ அவ்விரு திங்களும் சாரற் காலம். தென்மேல் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, மலைமுகட்டில் மழையைப் பெய்து, அடிவாரத்தில் தூவானமாய்ச் சிதறுகின்றது. ஏட்டில் முதுவேனில், மேனியில் குளிர்.

அருவியாட வருவோருட் சிலர் விடியற்காலையில் நெடுநேரம் தண்ணீரில் நின்று, ஈரம் புலராமுன்னே அமர்ந்து கும்பகம் பழகத் தொடங்குகின்றனர். இடமும் காலமும் தெய்வத் தன்மை வாய்ந்தன என்பது அவர்தம் எண்ணம். ஆனால் அடயோகப் பிரதீபிகையோ, பயிற்சியின் தொடக்கத்தில் விடியற்காலை நீராடல், பட்டினி முதலாக உடலை வருத்துவனவற்றை விலக்குக என்கின்றது. சாரற் காலத்தில் தொடங்க விழைவோர் உடலைத் துவட்டி, வெதுவெதுப்புற்ற பின்னர் எளிய ஆதனங்களோடு நிறுத்திக்கொண்டு, கும்பகத்தைப் பிற்பட ஆசிரியர் வாயிலாகப் பெறுதலே நன்று. பதினாறு மாத்திரை பூரகம், அறுபத்துநான்கு கும்பகம், முப்பத்திரண்டு இரேசகம் என்று திருமூலர் வகுத்த அளவு முதிர்ந்தோர்க்குரியது. புத்தகம் பார்த்து முதல் நாளே முயல்வதற்கன்று.

உடலினுள் ஒரு பஞ்சாங்கம்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்துக்குரியது. அதில் வார சரம் என்றொரு பகுதி உண்டு. வெள்ளி, திங்கள், புதன் ஆகிய நாட்களில் இடமூச்சும், சனி, ஞாயிறு, செவ்வாய் ஆகிய நாட்களில் வலமூச்சும் இயங்குதல் நன்று என்றும், வியாழனுக்கு வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம் என்றும் அங்குக் கூறப்படுகின்றது. சோதிடமும் யோகமும் கைகோத்து நிற்கும் இடம் இதுவே.

மூக்கின் இரு துளைகளிலும் காற்றோட்டம் மாறி மாறி மிகும் என்பதை 1895இல் செருமானிய மருத்துவர் கைசர் எடுத்துரைத்தார். அம்மாற்றம் எல்லார்க்கும் ஒரே கால அளவில் நிகழ்வதில்லை என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. ஆகவே திருமூலர் விதியைக் கொண்டு, இன்று மூச்சு மாறிற்று, கேடு வரும் என்று அஞ்சுதல் பேதைமை. அவ்விதியின் பெரும்பயன் வேறு. வைகறையில் எழுந்தவுடன் இன்று என்ன கிழமை, மூச்சு எப்பக்கம் என்று நோக்குகின்றவன், நாள்தோறும் தன்னையே நோக்கும் பழக்கத்தைப் பெறுகின்றான். வெளியே ஓடும் மனம் மூச்சின்மேல் வந்து நிற்கின்றது. யோகத்தின் முதல் வாயில் அதுவன்றோ!

அந்திப் பயிற்சி ஐயையும், நண்பகற் பயிற்சி வாதத்தையும், காலைப் பயிற்சி பித்தத்தையும் போக்கும் என்றும் திருமூலர் அருளினார். இங்குக் கால வரையறை கோளைச் சாராது உடலின் தன்மையைச் சார்ந்து நிற்கின்றது. தென்காசியில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆகவே உதயத்துக்கு நான்கு நாழிகைக்கு முன் தொடங்கும் பிரம முகூர்த்தத்தை இப்பகுதி மக்கள் ஆண்டு முழுவதும் பெரிய மாறுதலின்றிக் கைக்கொள்ளலாம். அயனங்கள் மாறினும் வைகறை மாறுவதில்லை.

நாளும் கோளும்

இறுதியாக ஒன்று. திருமறைக்காட்டினின்று திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்படுங்கால், கோள்நிலை நன்றன்று என்று திருநாவுக்கரசர் தடுத்தார். பிள்ளையார் கோளறு பதிகம் பாடிப் புறப்பட்டார். தடுத்தவரும் அன்பினால் தடுத்தார். புறப்பட்டவரும் திருவருளை நம்பிப் புறப்பட்டார். அப்பிள்ளையாரே குற்றாலத்தையும், அங்குள்ள குறும்பலாவையும் பாடியருளினார். காலம் இறைவன் ஆணையில் அடங்கியது என்று தெளிந்தவர்க்கு நாள் ஒரு துணை, தளை அன்று.

தென்காசிக் கோபுர வாயிலிற் புகுவோரைத் தென்றல் முதலில் எதிர்த்துத் தள்ளும். சற்று உள்ளே சென்றவுடன் அதுவே பின்னின்று உந்தும் என்பர். யோகப் பயிற்சியும் அத்தகையதே. தொடக்கத்தில் உடலும் பருவமும் எதிர்த்து நிற்பன போலத் தோன்றும். முறையறிந்து நடப்பார்க்கு அவையே துணையாய் நின்று முன் செலுத்தும். பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டிய மன்னன், பிற்காலத்தில் இதனைக் காப்பவர் அடிகளைப் பணிவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. கல்லாலாய கோயிலைக் காத்தல் போன்றே உடலாகிய கோயிலைக் காத்தலும் கடமையாகும். சித்திரை விசுவிலோ ஐப்பசி விசுவிலோ நல்லாசிரியரை அடுத்து ஒரு தொடக்கம் செய்க. வைகறைதோறும் தவறாது பழகுக. பழகுங்கால் திருவைந்தெழுத்தை மறவாதிருக்க.

உலகம்மை உடனாய காசிவிசுவநாதப் பெருமான் திருவருளால் எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்