ஊர் இழந்தோரின் உணவுக்கடை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. நிலத்துக்கு உரிய அவ்வுணவு, தன் நிலத்தை விட்டு நீங்கி, தொலைவிலுள்ள பெருநகர் ஒன்றின் கடைத்தெருவில் விலைப்பொருளாகும்போது என்ன நேர்கிறது? இவ்வினாவுக்குச் சீன நாட்டின் இரு பழந்தலைநகரங்கள் விடை தருகின்றன.

முதலாவது நகரம், வட சோங் அரசின் தலைநகரான கைஃபெங். இராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு முத்துகளோடு 1015இல் சென்றடைந்த நகரம் அதுவே. அரசுத் தேர்வு எழுதவும் பதவி ஏற்கவும் தென்னாட்டாரும், மேற்கே சிச்சுவான் நாட்டாரும் அங்கு வந்தவண்ணம் இருந்தனர். சிச்சுவானில் 1037இல் பிறந்த பெருங்கவிஞர் சூ ஷி 1057இல் தேர்வில் வென்றதும் அந்நகரில்தான். வடபுலத்து உணவு வெளியூராருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே அவர்களுக்கென்றே தென்னாட்டு உணவுக்கடைகளும் சிச்சுவான் உணவுக்கடைகளும் தனித்தனியே தோன்றின. சிச்சுவான் சமையல் என்றதும் இன்று மிளகாயே நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கக் கண்டத்து மிளகாய் சீனத்தை அடைந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். சோங் காலத்துச் சிச்சுவான் உணவுக்கு உறைப்பைத் தந்தவை இஞ்சியும், நாவை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகுமே.

இக்கடைகளை நேரில் கண்டு எழுதியவர் மெங் யுவான்லாவ். 1103இல் தந்தையுடன் கைஃபெங் சேர்ந்த இவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தார். நகரில் பெரிய மதுவுணவு விடுதிகள் மட்டும் 72 இருந்தன என்கிறார். நள்ளிரவு கடந்தும் நடந்த இரவுக் கடைத்தெரு, விடியுமுன் மீண்டும் திறக்கும். ஏழை வீட்டார் மது கேட்டாலும் விடுதியார் வெள்ளிக் கலங்களிலேயே அனுப்பி வைப்பர். இரவெல்லாம் விருந்து நடந்தால் மறுநாள் வந்து கலங்களைப் பெற்றுச் செல்வர்.

பரிமாறுவோரைப் பற்றி அவர் எழுதியிருப்பது கவிஞர்கள் கருதத்தக்கது. ஒருவர் சூடாகக் கேட்பார். ஒருவர் குளிர்ந்ததாகக் கேட்பார். ஒருவர் கொழுப்பு மிகுந்த குழம்பு வேண்டுவார். ஒருவர் கொழுப்பற்ற கறி வேண்டுவார். அத்தனையையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, அடுக்களை வாயிலில் நின்று முதலிலிருந்து இறுதிவரை பாட்டுப்போல் ஒப்பிப்பார் பரிமாறுபவர். பின்னர் இடக்கையில் மூன்று கிண்ணங்களும், வலக்கையில் தோள்வரை ஏறக்குறைய இருபது கிண்ணங்களும் அடுக்கி வந்து, கேட்டவர்க்குக் கேட்டதை வைப்பார். பிழை நேர்ந்தால் வசை கிடைக்கும், கூலி குறையும், வேலையும் போகலாம். பாடம் மறந்த புலவனுக்கும் இத்தனை தண்டனை இல்லை!

1127இல் சூர்சென் படையிடம் கைஃபெங் வீழ்ந்தது. பேரரசர் இருவர் சிறைப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். மக்கள் திரளாகத் தெற்கே ஓடினர், மெங்கும் ஓடினார். அந்நகரைக் காணாத இளையோர் அதைப் பற்றித் தவறாகப் பேசக் கேட்டு வருந்திய அவர், தம் நூலுக்கு 1147இல் முன்னுரை எழுதினார். அதில் தொடர்ந்து வரும் உணவுப் பெயர்களை வெறும் பட்டியலாகக் கருதுவது தவறு. திரும்பிச் செல்ல இயலாத ஊரை ஒருவர் தெருத்தெருவாக, கிண்ணம் கிண்ணமாக மீட்டுக்கொண்ட கையறுநிலை அது.

இரண்டாவது நகரம், தென் சோங் அரசின் தலைநகரான ஹாங்ஜோ. இங்கே நிலைமை தலைகீழானது. முன்பு தலைநகரின் பொது உணவாக இருந்த கைஃபெங் உணவு, இப்போது ஊர் பெயர்ந்தோரின் உணவாயிற்று. 1179இல், அரியணை துறந்திருந்த பேரரசர் காவ்சோங் மேற்கு ஏரியில் படகில் உலவினார். அங்கே மீன்சாறு விற்ற மூதாட்டி ஒருத்தி, தான் பழைய தலைநகரைச் சேர்ந்தவள் என்றும், அரசரைப் பின்தொடர்ந்து வந்தவள் என்றும் கூறினாள். அவர் அவளைப் படகுக்கு அழைத்து, முதுமைக்கு இரங்கிப் பொற்காசு பத்தும், வெள்ளிக்காசு நூறும், பட்டுச் சுருள் பத்தும் வழங்கினார். சோவ் மி என்னும் எழுத்தாளர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். நாடிழந்த வேந்தனும் வீடிழந்த மூதாட்டியும் ஒரே ஊரார் என்பதே இதன் உட்பொருள்.

காலம் செல்லச் செல்ல வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஹாங்ஜோ நகரைப் பற்றி எழுதிய வூ ஸிமு, மக்கள் புதிய மண்ணுக்கும் நீருக்கும் பழகிவிட்டனர் என்றும், உணவு கலந்துபோய் வடக்கு தெற்கு என்ற வேறுபாடே இல்லாமற் போயிற்று என்றும் குறிக்கிறார். இதை இழப்பு என்பதா? வாழ்வு என்பதா? இரண்டுமே உண்மை. பேரர்கள் பசியாறினர், பாட்டனின் ஊர் அவர்கள் நாவிலிருந்து மறைந்தது. 1276இல் மங்கோலியரிடம் ஹாங்ஜோவும் பணிந்தது.

அம்மூதாட்டியின் மீன்சாறு இன்றும் ஹாங்ஜோ உணவகங்களில் கிடைக்கிறது. வெந்த மீனை முள் நீக்கி உதிர்த்து, மூங்கில் குருத்தும் காளானும் முட்டைக்கருவும் சேர்த்து, காடி கலந்து ஆக்குகின்றனர். அதன் பெயர் 'சோங் அண்ணியின் மீன்சாறு'. கைஃபெங்கிலிருந்து வந்தவளின் சாறு, இன்று ஹாங்ஜோவின் ஊர்ச்சுவையாகவே விற்கப்படுகிறது. அவள் எவ்வூராள் என்பதை உண்பவருக்குச் சொல்ல நாவால் இயலவில்லை, ஏடுதான் சொல்கிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு இதில் ஒரு கடமை புலப்படும். சுவை கலப்பதை எவராலும் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. ஆனால் அவரவர் ஊரில் ஓர் உணவுக்கு என்ன பெயர், அதை யார் ஆக்கினார், எந்தத் தெருவில் விற்றார் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். மெங் யுவான்லாவ் ஊர் இழந்த பின்னர் அதைச் செய்தார். ஊர் இருக்கும்போதே செய்யும் வாய்ப்பு, இங்குள்ள பலருக்கு இன்னும் இருக்கிறது.